அக்காவின் கையை எண்ணாதவன் எழுதுகிறேன்

"நினைவு மலர்ல நல்லத மட்டும் எழுதுப்பா" என்று சித்தப்பா சொன்னார்கள். அக்காவைப் பற்றி நல்லதை எழுத வேண்டுமானால் என்னைப் பற்றிக் கெட்டதையும் எழுதியாக வேண்டும். முப்பதாம் நாள் பூசைக்கு வந்து இதைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களே, நண்பர்களே, சங்கடமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் அடக்கி வாசிப்பதாக இல்லை.

அக்கா திருச்செந்தூருக்குத் தெற்கே எங்கள் கடற்கரை ஊரில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அப்பா கடலுக்குப் போய்த் திரும்பாதபோது அக்காவுக்குப் பதினான்கு வயது. அம்மா கருவாடு விற்றார்கள். கன்னியர் விடுதியில் தங்கிப் படித்த அக்கா, வரலாற்றில் முதுகலை முடித்து, தூத்துக்குடியில் பெண்கள் கல்லூரி ஒன்றில் ஆசிரியையானார். என்னைப் படிக்க வைத்தவரும் அவர்தான். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் "தம்பி முதல்ல ஒரு நிலைக்கு வரட்டும்" என்று தள்ளிப் போட்டார். நான் துறைமுகத்தில் எழுத்தர் வேலைக்குப் போனபோது பேச்சே நின்றுபோயிருந்தது.

முப்பது வருடம் அமெரிக்க வரலாற்றுப் பாடம் நடத்தினார். ஊரில் அவருக்குப் பெயரே 'அமெரிக்கா டீச்சர்'. விமானத்தில் கால் வைத்ததில்லை. அமெரிக்காவைத் தூக்கிப் பேசுகிறவரும் இல்லை. "அந்த அரசியலமைப்ப எழுதுனவங்கள்ல பாதிப் பேரு அடிமை வச்சிருந்தவன். எல்லாரும் சமம்னு பின்னால வந்த திருத்தத்தைக் கையில எடுத்துக்கிட்டு, அடிமையோட பேரப்பிள்ளைகதான் கோர்ட்டுல போய் நின்னாங்க" என்பாராம். மாணவிகள் சொல்லித்தான் எனக்கே தெரியும். வீட்டில் பேசினால் நான் காது கொடுத்ததில்லை.

ஓய்வு பெற்றதும் ஊருக்கு வந்து எங்களோடு இருந்தார். அப்போது நானும் விருப்ப ஓய்வு பெற்று, கையெழுத்து நன்றாக இருக்கிறது என்ற ஒரே தகுதியில் ஊர்க்கமிட்டிச் செயலாளராகியிருந்தேன். எங்கள் ஊர்க்கூட்டத்தில் ஆண்களுக்குத்தான் இடம். அக்கா முதல் ஞாயிறே உள்ளே வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்.

"டீச்சர், பொம்பளையாளுக்கு இங்கன என்ன சோலி?" என்றார் தலைவர்.

"ஊருல பாதிப் பேரு பொம்பளைதான அண்ணாச்சி? அந்தச் சோலிதான்" என்றார் அக்கா.

உட்காரலாம், கை தூக்கினால் எண்ண மாட்டோம் என்று முடிவு செய்தார்கள். எண்ணுகிறவன் நான். அக்கா ஒவ்வொரு தீர்மானத்துக்கும் கை தூக்குவார். நான் அந்த பெஞ்சுக்கு முந்தின பெஞ்சோடு நிறுத்திவிடுவேன்.

இரண்டு வருடங்களுக்கு முன், தடை செய்த சுருக்குமடி வலையைப் பற்றி யாரோ அதிகாரிகளுக்குச் சொல்லி, எங்கள் ஊர்ப் படகுகள் பிடிபட்டன. மீன் விற்கும் விதவைப் பெண் கிளாராதான் சொன்னாள் என்று பேச்சு கிளம்பியது. அவளை ஊரை விட்டு ஒதுக்கி வைக்கத் தீர்மானம் வந்தது. அவளிடம் யாரும் மீன் வாங்கக் கூடாது, பேசக் கூடாது, கடையில் சாமான் கொடுக்கக் கூடாது. கிளாரா வெளியே வாசலில் நின்றுகொண்டிருந்தாள். உள்ளே விடவில்லை.

அக்கா எழுந்தார். "அவளக் கூப்பிட்டு ஒரு வார்த்த கேட்டீங்களா? கேக்காமலே தண்டிக்கிறதுக்குப் பேரு தீர்மானமா?"

தலைவர் தீர்மானத்தை வாக்குக்கு விட்டார். எதிர்ப்பவர்கள் கை தூக்கலாம் என்றபோது அக்கா மட்டும் தூக்கினார். நான் குறிப்பேட்டில் 'ஏகமனதாக நிறைவேறியது' என்று எழுதினேன்.

மத்தியானம் வீட்டில் எனக்குச் சோறு போட்டுக்கொண்டே கேட்டார்: "எலே, ஏகமனதான்னு எப்படி எழுதுன? எங் கை என்ன வாழைக்காயா?"

"ஒரு கையால என்ன ஆகப்போவுது, விடுக்கா."

"அமெரிக்காவுல ஒரு வழக்கு. ரயில்ல வெள்ளைக்காரனுக்கு ஒரு பெட்டி, கறுப்பருக்கு ஒரு பெட்டி, அது சரிதான்னு ஏழு நீதிபதி சொல்லிட்டாங்க. ஒருத்தர் மட்டும் தப்புன்னு எழுதி வச்சாரு. தோத்துத்தான் போனாரு. ஐம்பது வருசத்துக்கு மேல கழிச்சு, பள்ளிக்கூட வழக்குல ஒம்பது பேரும் ஒண்ணாச் சேந்து அந்த ஏழு பேரு சொன்ன நியாயத்தக் கவுத்துட்டாங்க. தோத்த கையயும் எழுதி வைக்கணும்லே."

"இது அமெரிக்கா இல்லக்கா. நம்ம ஊரு."

"அங்கயும் அப்படித்தான் சொன்னான், இது எங்க ஊருன்னு."

மறுநாள் பட்டப்பகலில், எல்லாரும் பார்க்கத் தெருவில் நடந்து கிளாரா வீட்டுக்குப் போனார் அக்கா. மீன் வாங்கினார். தினமும் போனார். கமிட்டிக்காரர்கள் என்னைப் பிடித்து உலுக்கினார்கள். "யக்கா, எம் மானத்த வாங்காத" என்று நான் கத்தினேன். "உன் மானம் அந்தக் குறிப்பேட்டுலயே போயிட்டுலே" என்றார். ஒரே வீட்டில் ஏழு மாதம் நான் அவரோடு பேசவில்லை. வெட்கக்கேடு. வேறு சொல் கிடைக்கவில்லை.

கிளாரா சொன்னாளா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அக்கா அதை அவளிடம் கேட்டதே இல்லையாம். "சொன்னாலும் சொல்லாட்டியும், அவ வாயால கேட்டிருக்கணும்" என்பதுதான் அவர் வாதம்.

பிறகு சிறுநீரகம் கெட்டு, தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் கிடந்தார். பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டவள் கிளாரா. கடைசி வாரத்தில் என்னிடம், "குறிப்பேட்டுல எங் கைய எழுதிட்டியாலே?" என்று கேட்டார். "எழுதிடுதேன்க்கா" என்றேன். எழுதவில்லை. பயம்தான். நான்கு நாளில் அக்கா போய்விட்டார்.

சவப்பெட்டி வீட்டில் இருந்தபோது தலைவர் வந்தார். "கிளாரா வெளிய போனாத்தான் ஊரு பெட்டியத் தூக்கும்" என்றார். கிளாரா எழுந்தாள். நான் அவள் தோளைப் பிடித்து உட்கார வைத்தேன். "அவ இருப்பா. நீங்க போயிட்டு வாங்க அண்ணாச்சி" என்றேன். அறுபத்திரண்டு வயதில் முதல்முறையாக என் குரல் எனக்கே கேட்டது. வேனில் வந்திருந்த அக்காவின் பழைய மாணவிகள் பெட்டியைத் தூக்கினார்கள். முன்னால் ஒரு பக்கம் கிளாரா, மறுபக்கம் நான்.

அடக்கம் முடிந்த மறுநாள் குறிப்பேட்டை எடுத்து, 'ஏகமனதாக' என்பதை அடித்தேன். அக்காவின் முழுப் பெயரை எழுதி, 'எதிர்த்துக் கை தூக்கினார். எண்ணாமல் விட்டவன் நான்' என்று தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். வருகிற ஞாயிறு கூட்டத்தில் அந்த வரியை என் கையாலேயே அழித்து மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். இல்லையென்றால் எங்கள் வீட்டையும் ஒதுக்கி வைப்பார்களாம்.

அக்காவைக் கவனித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், துக்க மணியை நிறுத்தாமல் அடிக்கச் செய்த பங்குச் சாமியாருக்கும், தோள் கொடுத்த மாணவிகளுக்கும், பெற்ற மகளைப் போல் பார்த்துக்கொண்ட கிளாராவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பெட்டி தூக்க வராதவர்களுக்கும் இந்த மலரில் ஒரு பிரதி உண்டு. வீடு வீடாக நானே கொண்டுவந்து தருகிறேன்.

கமிட்டி அன்பர்களே, நீங்கள் கேட்ட மன்னிப்பு இதில் இல்லை. நான் மன்னிப்புக் கேட்க வேண்டியவர் கல்லறையில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு வருவேன். கிளாராவும் என்னோடு உள்ளே வருவாள். முதலில் அவள் பேசுவாள், நீங்கள் கேட்பீர்கள். அவள் பேசி முடித்த பிறகு, எங்களை ஒதுக்கி வைப்பதானால் கை தூக்குங்கள்.