வாசலில் தொங்கிய மலைக் கற்றாழை

எனக்கு வயது அறுபத்தொன்பது. பெற்றது நாலு. தங்கச்சி போன பிறகு அவளுடைய மூன்றையும் சேர்த்து வளர்த்தது ஏழு. ஏழு பேரும் படித்து, கலியாணம் கட்டி, நல்லாக இருக்கிறார்கள். அதில் எனக்குப் பெருமைதான், அதை ஏன் மறைக்க வேண்டும்? நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுத்து மெதுவாகத்தான் வரும். வரட்டும், நான் என்ன பஸ்ஸா பிடிக்கப் போகிறேன்? நோர்வேயில், எல்லிங்ஸ்ருட்டில் எங்கள் வீட்டு யன்னலோரம் கதிரையைப் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். சித்திரை பிறந்த பிறகும் வெளியில் பனி கொட்டுகிறது. இந்த ஊருக்கு வெட்கமில்லை.

பனியைப் பற்றி எனக்கு முதன்முதல் சொன்னவர் மாமா. அதுவும் ஆபிரிக்காவில் கொட்டுகிற பனி.

மாமா என்றால் அம்மாவின் ஒரே தம்பி. கணக்கு வாத்தியார். லெசோத்தோ என்று ஒரு குட்டி நாடு, தென்னாபிரிக்காவின் வயிற்றுக்குள் இருக்கிற பிள்ளை மாதிரி, நாலு பக்கமும் மூடிக் கிடக்கிறது. கடல் கிடையாது, எங்கு பார்த்தாலும் மலை. அங்கே படிப்பிக்கப் போயிருந்த மாமா எனக்குப் பத்து வயதாக இருக்கும்போது லீவில் ஊருக்கு வந்தார். வந்தது கலியாணம் கட்டத்தான். பக்கத்து ஊரில் ஒரு ரீச்சரைப் பேசியிருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் தாவரவியல் படிப்பிக்கிறவ. சாதகம் பொருந்திவிட்டது. இரண்டு பக்கமும் வீடு வந்து பார்த்து, ஓம் என்று சொல்வதுதான் பாக்கி. மாமாவுக்கு முப்பத்தைந்து நடந்துகொண்டிருந்தது, முன்னுக்கு முடியும் மெல்லிசாகிக்கொண்டிருந்தது. இது தவறினால் இனி இல்லை என்று அம்மா கோயில் கோயிலாக நேர்த்தி வைத்திருந்தா. எனக்கும் அதில் ஒரு பங்கு இருந்தது. கலியாணக் காரில் முன் சீற் எனக்குத்தான் என்று மாமா வாக்குக் கொடுத்திருந்தார். அதுவரை நான் காரில் ஏறியதே இல்லை.

மாமா வந்த அன்று பின்னேரம் முற்றம் நிறையச் சனம். மாமா மலையில் பனி கொட்டுவதைச் சொன்னார்.

"ஆபிரிக்காவிலை பனியோ? தம்பி, நாங்கள் படிக்காத ஆக்கள்தான், அதுக்காக இப்பிடியோ?" என்றார் பக்கத்து வீட்டு அப்பு.

எல்லாரும் சிரித்தார்கள். மாமா விடவில்லை. அந்த மலையில் நெருப்புக் கொள்ளி மாதிரிப் பூக்கிற செடி, மஞ்சள் நட்சத்திரமாய்ப் பூத்து நிலத்துக்குள் கிழங்கு வைக்கிற செடி, இருமலுக்கு அவித்துக் குடிக்கிற சிவத்த வேர் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். மருந்துக்கென்று கிண்டிக் கிண்டி எல்லாம் அருகிப் போகிறது, கொஞ்சக் காலத்தில் மலை மொட்டையாகிவிடும் என்று மெத்தக் கவலைப்பட்டார். கவலைப்பட்டுக்கொண்டே பெட்டியைத் திறந்தார். உடுப்புகளுக்கு நடுவில் ஈரச் சாக்கில் சுற்றி, அப்படிக் கிண்டியதில் ஒன்றை அவரும் கொண்டுவந்திருந்தார்.

அது ஒரு கற்றாழை. ஆனால் எங்கள் வேலியில் நிற்கிற கற்றாழை மாதிரி இல்லை. அம்மா முறுக்குப் பிழிகிற மாதிரி நடுவில் தொடங்கி, மடல் மடலாக, ஒரு மடல்கூட வரிசை பிசகாமல் சுற்றிச் சுற்றி வெளியில் வந்திருந்தது. நடுவில் விரலை வைத்து அந்தச் சுழியோடு போனால் விரல் தானாகவே விளிம்புக்கு வந்துவிடும். நான் வைத்துப் பார்த்தேன். முள்ளுக் குத்தியது. திரும்பவும் வைத்துப் பார்த்தேன்.

"உலகத்திலை வேறை எங்கையும் இல்லை. அந்த நாட்டு மலையிலை மட்டும்தான்," என்றார் மாமா. பெண்ணின் தகப்பன் தபால் கந்தோரில் இருந்து பென்சன் எடுத்தவர். வீடு முழுக்கக் குரோட்டன் சாடி வைத்திருக்கிறவர். அவருக்குக் கொடுத்து அவரை மயக்குவதுதான் மாமாவின் திட்டம்.

அடுத்த நாள் மாமா கந்தோர் அலுவலாகக் கொழும்புக்குப் போனார். போகும்போது, "அக்கா, இதைக் கவனமாய் வைச்சிரு," என்று ஒரு சொல் சொல்லிவிட்டுப் போனார். எப்படிக் கவனம் என்று சொல்லவில்லை. அதுதான் அவர் விட்ட பிழை.

அம்மா யோசித்தா. வெளிநாட்டால் வந்த தம்பி, பேசி வைத்த கலியாணம், முற்றம் நிறையச் சனம், அத்தனை பேரின் கண். கண்ணூறு வராமல் இருக்குமோ? எங்கள் பக்கத்தில் அதற்கு என்ன செய்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். கற்றாழையைப் பிடுங்கி வேர் மேலே, தலை கீழே என்று வாசலில் தொங்கவிடுவார்கள். மண்ணும் தண்ணியும் இல்லாமல் அது மாதக்கணக்கில் உயிரோடு நிற்கும், சிலது பூக்கவும் செய்யும். அது தளிர்த்தால் தொட்ட காரியம் நடக்கும். அழுகினால் காரியத்தை அதோடு நிற்பாட்டிவிட வேண்டும். அம்மா மட்டுமில்லை, ஊரே அப்படித்தான் நம்பியது. இப்போது வேரோடு பிடுங்கிய ஒரு கற்றாழை தானாக வீடு தேடி வந்திருக்கிறது. உலகத்திலேயே வேறு இல்லாத கற்றாழை. அம்மா மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, எலுமிச்சங்காயும் செத்தல் மிளகாயும் கோத்து, அதை வாசல் நிலைக்கு மேலே கட்டித் தொங்கவிட்டா.

"இதின்ரை சுழியைப் பாத்தால் கண்ணூறுக்கே தலை சுத்தும்," என்றா திருப்தியாக.

அயலட்டைப் பெண்கள் வந்து பார்த்துவிட்டு, தங்களுக்கும் ஒன்று எடுப்பிக்க ஏலாதோ என்று கேட்டார்கள். "தம்பியிட்டைச் சொல்லிப் பாக்கிறன்," என்று அம்மா எல்லாருக்கும் வாக்குக் கொடுத்தா. அந்தப் பட்டியல் மாமா காதுக்குப் போயிருந்தால் மயங்கி விழுந்திருப்பார்.

பெண் வீட்டார் வருகிற அன்று காலை மெயில் வண்டியில்தான் மாமா திரும்பி வந்தார். படலையைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"அக்கா! என்ன வேலை செய்து வைச்சிருக்கிறாய்?"

"கவனமாய் வைக்கச் சொன்னனீ. இதைவிடக் கவனமாய் எங்கை வைக்கிறது? சாமிப் படத்துக்குப் பக்கத்திலையோ?"

எங்கள் ஐயா, அதுதான் அப்பா, விறாந்தையில் சவரம் செய்துகொண்டிருந்தார். அவர் அதிகம் கதைக்க மாட்டார். "மச்சான், உலகத்திலை இல்லாத சாமான் எண்டு சொன்னனீர். உலகத்திலை இல்லாத இடத்திலை தொங்குது. பொருத்தம்தானே," என்றார் கண்ணாடியைப் பார்த்தபடி.

மாமா ஸ்டூலை இழுத்துப் போட்டு, கத்தியோடு அதில் ஏறி, கயிற்றில் கையை வைத்தார். அந்த நேரம் பார்த்துப் படலையில் கார் வந்து நின்றது. தபால்கார ஐயா இறங்கினார். பின்னால் அவருடைய மகள் இறங்கினா. பெண் வீட்டார் வருவது வழக்கம். பெண்ணே வருவது எங்கள் ஊரில் ஒருநாளும் கண்டதில்லை. கோயிலுக்குப் போகிற வழி என்று சொன்னார்கள். அந்தப் பக்கம் கோயில் ஒன்றும் கிடையாது.

மாப்பிள்ளை ஸ்டூலில், கையில் கத்தி, தலைக்கு மேலே கற்றாழை. கலியாணம் பேசப் போகிறவர்கள் இப்படி ஒரு காட்சியை முன்பு பார்த்திருக்க மாட்டார்கள்.

"இறங்குங்கோ," என்றா அவ. பிறகு அண்ணாந்து பார்த்தா. "இது என்ன?"

மாமாவுக்குப் படிப்பிக்கிற குணம் வந்துவிட்டது. ஸ்டூலில் நின்றபடியே நாடு, மலை, பனி எல்லாம் சொன்னார். "உலகத்திலை அங்கை மட்டும்தான் இருக்குது," என்று முடித்தார்.

"அங்கை மட்டும்தானோ?"

"ஓம்."

"அப்ப ஏன் இஞ்சை இருக்குது?"

கணக்கு வாத்தியாரை ஒரு கணக்கில் மடக்கியதை நான் அன்றுதான் பார்த்தேன். "ரோட்டுக் கரையிலை வைச்சு வித்தினம்," என்று இழுத்தார். "நான் வாங்காட்டி வேறை ஆரும் வாங்கியிருப்பினம்."

"உங்களை மாதிரி ஆக்கள் வாங்கிறபடியால்தானே கிண்டுகினம்."

"பிள்ளை," என்று தபால்கார ஐயா இருமினார். பிறகு எங்கள் ஐயாவைப் பார்த்து, "கொஞ்சம் வாய் கூட. தாயில்லாப் பிள்ளை," என்று மன்னிப்புக் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

அம்மாவின் முகம் கறுத்துவிட்டது. கார் போச்சு, முன் சீற் போச்சு.

அவ கையை நீட்டிக் கற்றாழையின் நடுச்சுழியில் விரலை வைத்தா. நான் முள்ளுக் குத்தும் என்று சொல்ல வாயெடுத்தேன். விரல் குத்துப்படாமல் உள்ளே போய் ஈரமாக வெளியில் வந்தது. சீலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டா. செடிப் பைத்தியமான தகப்பனும் தொட்டுப் பார்க்கக் கிட்ட வந்தார்.

"ஐயா, தொடாதேங்கோ. பொல்லாத முள்ளு," என்றா. பிறகு மாமாவிடம், "எடுத்த இடத்திலையே கொண்டுபோய் வைக்கவேணும். அதுவரைக்கும் எங்கடை வீட்டிலை இருக்கட்டும். எனக்குப் பாக்கத் தெரியும்," என்றா.

"நான் தனியவோ கொண்டுபோறது?" என்றார் மாமா மெல்ல.

அவ கதிரையில் போய் இருந்து, அம்மா கொடுத்த தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்தா. "சீனி காணாது," என்றா.

மாமா ஸ்டூலை விட்டு இறங்க, அவ தானே அதில் ஏறிக் கற்றாழையை அவிழ்த்து, சாக்கில் சுற்றி, வாயை இறுக்கிக் கட்டினா. உதவிக்குப் போன என்னை, "நீ விடு பிள்ளை, உன்ரை சட்டை ஊத்தையாகும்," என்று தள்ளி நிறுத்தினா. கார் போனதும் நான் சமையலறை மூலையில் இருந்து அழுதேன்.

வெளியில் அம்மா சொல்வது கேட்டது. "இஞ்சேருங்கோ, கலியாணம் சரி."

"என்னண்டு சொல்லுறீர்? வந்ததிலை இருந்து அவனைப் பேசிப்போட்டெல்லோ போறாள்," என்றார் ஐயா.

"வேண்டாம் எண்டு நினைக்கிறவள் சீனி கேப்பாளோ?"

மாமாவைப் பார்த்தேன். ஸ்டூலில் இருந்தபடி, பரீட்சை பாஸான பெடியன் மாதிரிச் சிரித்துக்கொண்டிருந்தார். பேச்சு வாங்கின மனுசன் ஏன் சிரிக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

அடுத்த மாதமே கலியாணம் நடந்தது. முன் சீற்றில் நான்தான் இருந்தேன். பிறகு மாமாவும் மாமியும் லெசோத்தோவுக்குப் போனார்கள். இறுக்கிக் கட்டின அந்தச் சாக்கும் பெட்டிகளோடு போனது. செடி தன் மலைக்குத் திரும்பிப் போகிறது என்று நான் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். சில வருசத்தால் அவர்கள் லீவில் வந்தபோது அம்மா முதல் கேட்டது அதைத்தான்.

"வடிவாய் நிக்குது மச்சாள். எடுத்த இடத்திலையே வைச்சனாங்கள்," என்றா மாமி. மாமா முகட்டில் ஓடிய பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் வாசலில் தலைகீழாகத் தொங்கியும் வாடாமல் போன செடி என்று அம்மா சாகும்வரை பெருமை கொண்டாடினா. அந்தக் கற்றாழையின் பலன்தான் தம்பியின் குடும்பம் என்று எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறா. அந்தக் குடும்பமும் கடைசிவரை சண்டையும் சிரிப்புமாக நல்லாகத்தான் நடந்தது.

போன சனிக்கிழமை வெறண்டாவில் மிளகாய்க் கன்று வைக்க மண் வாங்கவென்று பேத்தியோடு லில்லெஸ்ட்ரோம் பக்கம் ஒரு பூக்கடைக்குப் போனேன். அங்கே ஒரு தட்டில், சின்னச் சாடியில், அதே சுழி. என் விரல் தானாகப் போனது.

"அம்மம்மா, தொடாதேங்கோ!" என்றாள் பேத்தி. பிறகு பக்கத்தில் குத்தியிருந்த மட்டையை நோர்வேஜிய மொழியில் வாசித்து, தமிழில் சொன்னாள். லெசோத்தோ மலையில் மட்டும் வளர்கிறது. அங்கேயும் அருகிப் போகிறது. இது விதை போட்டு வளர்த்த கன்று. மலையில் நிற்பதைக் கிண்டி வேறு எங்கே வைத்தாலும் பிழைக்காது, நடுக்குருத்து அழுகிவிடும்.

நான் மண் பையைக் கீழே வைத்துவிட்டேன். நின்ற இடத்திலேயே அவளுக்கு எல்லாக் கதையையும் சொன்னேன். கடைக்காரப் பெட்டை இரண்டு தரம் வந்து ஏதும் உதவி வேண்டுமோ என்று கேட்டுவிட்டுப் போனாள்.

"அப்ப அது உங்கடை வாசலிலையே செத்துப்போட்டுது என்ன?" என்றாள் பேத்தி. "தாவரவியல் ரீச்சருக்குத் தெரியாமல் இருந்திருக்குமோ? உங்கடை மாமி பொய் சொல்லியிருக்கிறா!"

பத்து வயதில் நான், செடி பிழைத்தபடியால் கலியாணம் நடந்தது என்று நினைத்திருந்தேன். அழுகிவிட்டது என்று அன்று ஒரு சொல் வெளியில் வந்திருந்தால், அம்மா அந்த நிமிசமே கலியாணத்தை நிற்பாட்டியிருப்பா. நிற்பாட்டிவிட்டு, தம்பியின் செடியைக் கொன்றது தான்தான் என்று சாகும்வரை நொந்திருப்பா. வாய் கூட என்று தகப்பனே சொன்ன பெண், அந்த ஒரு சொல்லை மட்டும் வாயைத் திறந்து சொல்லவில்லை. செத்த செடியைச் சாக்கில் கட்டி, கடல் கடந்து கொண்டுபோய், அதன் மலையிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறா. கூடப் போன மாமாவுக்கும் அது தெரியும்.

சரி பிள்ளை, எழுதி முடிச்சிட்டன். கண்ணாடியைக் கழட்டப்போறன், நீ ஒருக்கா வாசிச்சுக் காட்டு. ஆறுதலாய் வாசி. மாமி பொய் சொன்னவா எண்டு நீ கடையிலை சொன்னதையும் எழுதிப்போட்டன். அந்த இடம் வரேக்கை பேனையாலை அதை வெட்டிப்போட்டு, மிச்சத்தை வாசி.