வராத அரை

பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். விஞ்ஞானச் சங்கதியை எழுத எனக்குத் தகுதியில்லை, பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளில் திண்டுக்கல் பஸ் நிலையத்துக்கு எதிரே டைப் அடித்துக் கொடுத்துவந்தேன். அறுந்த செருப்பைக் கம்பியால் கட்டியிருந்த ஒருவர், சார்பியல் கொள்கைக்கு மாற்றாகத் தாம் பல வருடம் போட்ட கணக்கை அடிக்கக் கொண்டுவந்தார். நான் அடிக்கும்போது ஜன்னலருகே நின்று, போகிற பஸ்களின் வேகத்தை முணுமுணுப்பார்.

“வெளிச்சம் மாதிரி வேகமா ஓடுறதுக்குத்தாம்மா என் கணக்கு. வடமதுரை பஸ்ஸு வேகத்துக்கு இறங்குனா, பள்ளிக்கூடத்துப் பழைய கணக்கே திரும்ப வரணும். வரலேன்னா அம்புட்டும் குப்பை.”

கடைசித் தாளைப் படித்ததும் அவர் முகம் வெளுத்தது.

“பழைய கணக்குல இங்க, எடைக்கும் வேகத்துக்கும் முன்னால, ஒரு அரை இருக்கும்மா. நீங்க விட்டுட்டீகளா?”

நான் விட்டிருக்க வேண்டுமே என்று கெஞ்சுகிற குரல். அவர் கையெழுத்துப் பிரதியைப் பார்த்தேன். அதிலும் அரை இல்லை. முதல் தாளிலிருந்து விரலை ஓட்டிப் பார்த்தார். எங்கேயும் அது வரவில்லை.

என் மெஷினில் அரைக்கென்றே ஒரு கீ உண்டு. “அடிச்சிரட்டுமாய்யா? ஒரு தட்டுத்தான்” என்றேன்.

“தாள்ல வந்துரும். கணக்குல வராதேம்மா.”

தாள்களை மேஜையிலேயே விட்டுவிட்டு இறங்கிப் போனார். நான் கேட்டது உதவியா, அவமானமா என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை.

மறுநாள் அவர் வரவில்லை. ஒரு கிரயப் பத்திரம் வந்தது. இரண்டரை சென்ட் நிலத்துக்கு அந்தக் கீயைத் தட்டினேன்.