நாற்பத்து மூன்றாவது முள்ளங்கி

ஜனவரி மாதத்து செவ்வாய்க்கிழமை ஒன்றில், காலை பதினொன்றேகால் மணிக்கு, டெல்லி மாயாபுரியில் தகடு வளைக்கும் ஒரு பட்டறையில் ஹைட்ராலிக் பிரஸ் இறங்கி பவுனுவின் வலது கையை நசுக்கியது. நான்கு விரல்கள் போயின. கட்டை விரல் மட்டும் தோலில் ஒட்டிக்கொண்டிருந்தது. பெடலை மிதித்தவன் விஜயன். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த இருபத்து நான்கு வயதுப் பையன். அவள் தகட்டை வைத்துவிட்டுக் கையை எடுப்பாள், அவன் மிதிப்பான். மூன்று வருடமாக இருவரும் அப்படித்தான் வேலை செய்தார்கள்.

பவுனுவின் கணவன் சேட்டு திருக்கோவிலூர்ப் பக்கத்துக்காரன், சென்ட்ரிங் வேலை செய்பவன். செய்தி கிடைத்ததும் கூட வேலை செய்த நாலு பேரைக் கூட்டிக்கொண்டு, கையில் கிடைத்த கம்பியோடு பட்டறைக்குள் நுழைந்தான். விஜயன் ஓடவில்லை. பவுனுவின் விரல்களை ஒரு பாலித்தீன் பையில் பொறுக்கிப் போட்டபடி உட்கார்ந்திருந்தான். அவனைத் தலைமுடியைப் பிடித்து வாசலுக்கு இழுத்து வந்து அடித்தார்கள். மூன்றாவது அடியில் வலது முழங்கால் சில்லு உடைந்த சத்தம் எதிர்க்கடை வரை கேட்டதாகச் சொன்னார்கள். போலீஸ் வந்தது. அடித்தவர் யாரென்று தெரியவில்லை என்று எழுதிக்கொண்டு, கவனக்குறைவாகப் பெடலை மிதித்ததாக விஜயன் மேல் வழக்குப் போட்டது.

அந்த பிரஸ்ஸை ஓட்டும் கட்டுப்பாட்டுப் பெட்டியைச் செய்தது நாராயணாவில் இருந்த ஒரு சிறு நிறுவனம். அகல்யா அங்கே வேலை செய்தாள். முப்பத்தெட்டு வயது. அப்பா கலியமூர்த்தி மத்திய அரசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். அகல்யா ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் பிறந்து, புசா ரோடு தமிழ்ப் பள்ளியில் படித்து, பாலிடெக்னிக் முடித்தவள். கம்ப்யூட்டரின் அடியாழத்தில் ஓடும் கர்னலைத் தானாகவே படித்துக் கற்றுக்கொண்டவள். பெட்டிக்குள் இருந்தது லினக்ஸ். அதன் கர்னல் அவள் பொறுப்பு.

முதலாளி ரவிக்குமார் அவள் மேஜைக்கு வந்தார்.

"போலீஸ் லாக் கேக்கறாங்க. ஜல்தி எடுத்து அனுப்பிடு. நம்ம மேல தப்பில்லைன்னு அதுலயே இருக்கு."

இருந்தது. பிரஸ்ஸின் முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஒளித்திரை ஒன்று உண்டு. கை அதைத் தாண்டினால் இறங்கும் தட்டு அந்தரத்தில் நின்றுவிட வேண்டும். கை திரையைத் தாண்டியது, மூன்று மில்லிசெகண்டில் நிறுத்தக் கட்டளை போனது என்று, பெட்டி தானே எழுதிவைக்கும் பதிவான லாக் சொன்னது. மூன்று மில்லிசெகண்டில் நின்றிருந்தால் தட்டு ஒரு நகத்தின் பருமன்கூட இறங்கியிருக்காது. ஆனால் விரல்கள் போய்விட்டன. அகல்யா லாக்கை அனுப்பாமல் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

விஜயன் கட்டில் பக்கத்தில் ஒரு கான்ஸ்டபிள் உட்கார்ந்திருந்தார்.

"அவங்க கை வெளிய வந்தப்புறம்தான் மேடம் அமுக்கினேன். தகடு கோணிக்கிச்சு. சரி பண்ண அவங்க திரும்பக் கை வெச்சாங்க. நான் காலை எடுத்துட்டேன், கசம் சே, சத்தியமா. திரையோட லைட் ரெட் ஆச்சு. ரெட் ஆகியும் இறங்குச்சு. வீட்டுக்கு போன் பண்ணலாம்னு பார்த்தா அந்த ஷெட்டுல டவரும் இல்ல."

நிறுவனத்திலும் அதே மாதிரி ஒரு பிரஸ் சோதனைக்கு இருந்தது. தெருவில் தள்ளுவண்டிக்காரனிடம் ஒரு கூடை முள்ளங்கி வாங்கினாள். டெல்லி ஜனவரி முள்ளங்கி மணிக்கட்டுப் பருமன் இருக்கும். அதைக் கம்பில் கட்டி, தட்டு இறங்கும்போது திரைக்குள் நீட்டினாள். இருநூறு முறையும் நின்றது. பிறகு விஜயன் சொன்ன டவர் ஞாபகம் வந்தது. பெட்டியில் ஒரு மோடம் உண்டு. உற்பத்திக் கணக்குகளை இணையத்துக்கு அனுப்புவது அதுதான். அதன் ஆன்டெனாவைக் கழற்றினாள். முப்பத்தேழாவது முறை தட்டு நிற்கவில்லை. முள்ளங்கி வெடித்து அவள் கண்ணாடியிலும் வாயிலும் தெறித்தது. லாக் அப்போதும் மூன்று மில்லிசெகண்ட் என்றே எழுதியிருந்தது.

லாக் பொய் சொல்லவில்லை என்பது அவளுக்குப் புரிந்தது. தனக்குச் செய்தி வந்த நேரத்தை அது எழுதியிருந்தது. செய்தி எங்கே தாமதித்தது என்று அதற்குத் தெரியாது.

கர்னலுக்குள் ஃபங்ஷன் எனப்படும் பல்லாயிரம் நிரல்துண்டுகள் ஒன்றையொன்று அழைத்தபடி இருக்கின்றன. ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் எதுவும் செய்யாத ஒரு வெற்றுக் கட்டளைக்கு இடம் விட்டிருப்பார்கள். கர்னல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்த இடத்தில், யார் அழைத்தது, எந்த நொடியில் என்று குறித்துவைக்கும் ஒரு வரியைச் செருகலாம். வேலை முடிந்ததும் எடுத்துவிடலாம். நிரலைத் தொட வேண்டாம், இயந்திரத்தை நிறுத்த வேண்டாம். அகல்யா முதலில் எல்லா ஃபங்ஷன்களிலும் அதைச் செருகினாள். குறிப்பெழுதும் பாரத்தில் பெட்டி திணறி, எல்லாமே மெதுவாகி, இரண்டு நாள் ஒரு முள்ளங்கிகூட நசுங்கவில்லை. பார்க்கப் போனதாலேயே பிழை ஒளிந்துகொண்டது. மூன்றாம் நாள் ஒளித்திரை, வால்வு, மோடம் இந்த மூன்றின் ஃபங்ஷன்களில் மட்டும் விட்டு மற்றவற்றிலிருந்து எடுத்துவிட்டாள்.

நாற்பத்து மூன்றாவது முள்ளங்கி நசுங்கியது.

திரையில் வரிகள் நின்றன. மோடத்தின் ஒரு ஃபங்ஷனுக்குள் கர்னல் நுழைந்திருந்தது. வெளியே வர இருநூற்று நாலு மில்லிசெகண்ட். நடுவில் ஒரு வரிகூட இல்லை. ஒளித்திரையின் கூப்பாடு அந்த இடைவெளி முழுக்க வாசலில் காத்து நின்று, மோடம் முடிந்த பிறகே உள்ளே வந்திருந்தது. வேறெந்தக் குறுக்கீட்டையும் கேட்காதே என்று கர்னலின் காதை அடைத்துவிட்டு, மோடம் பதில் சொல்லும் வரை காத்திருக்கச் சொன்னது அந்த ஃபங்ஷன். சிக்னல் இருந்தால் பதில் உடனே வரும். இல்லாவிட்டால் இருநூறு மில்லிசெகண்ட். அதற்குள் தட்டு நாலு சென்டிமீட்டர் இறங்கிவிடும்.

அதை யார் எழுதியது என்று பழைய பதிவுகளைத் தேடினாள். இரண்டு வருடத்துக்கு முன், ஜூலையில் ஒரு மத்தியானம். மோடம் பாதியில் உறைந்து நின்றுவிடுகிறது என்று வாடிக்கையாளர் புகார். திருத்தியவர்: அகல்யா.

வாஷ்பேசினுக்குப் போய்க் கையைக் கழுவினாள். முள்ளங்கி வாடை கையைவிட்டுப் போகவில்லை.

"இதை யாருக்குக் காட்டின?" என்றார் ரவிக்குமார்.

"இன்னும் யாருக்கும் இல்ல சார். காட்டப்போறேன். கர்னலைக் கேக்காம தட்டை நேரா நிறுத்தற ரிலே ஒண்ணு ஒளித்திரைக்குத் தனியா இருந்திருந்தா என் தப்பு ஒருத்தர் கையை எடுத்திருக்காது. அதைக் கழட்டச் சொன்னது நீங்க. ரெண்டையும் சொல்லப்போறேன்."

"பைத்தியமா உனக்கு? அந்தப் பையனுக்கு ஆறு மாசம் கிடைக்கும், வெளிய வந்துடுவான். நம்ம ரெண்டு பேர் கதி?"

அவர் மேஜையிலிருந்த சுத்தியலை எடுத்துச் சோதனைப் பெட்டியில் அடித்தார். பச்சைப் பலகை பிளந்து சில்லுகள் பறந்தன. தடுக்கப் போனவளைத் தோளைப் பிடித்துத் தள்ளினார். அவள் நெற்றி பிரஸ்ஸின் விளிம்பில் மோதியது. ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. அவர் சுத்தியலைக் கீழே போட்டார். பிறகு "ஆட்டோ கூப்பிடறேன், ஆட்டோ கூப்பிடறேன்" என்று புலம்ப ஆரம்பித்தார். அகல்யா துப்பட்டாவால் நெற்றியை அழுத்திக்கொண்டு தானே நடந்துபோனாள். ஐந்து தையல். குறிப்புகளின் நகல் அவள் பையில் இருந்தது.

தொழிலாளர் துறை ஆய்வாளர் ஒரு பெண்மணி. அகல்யா சொன்னதை அவர் முதலில் நம்பவில்லை. போலீஸ் சீல் வைத்திருந்த பட்டறை பிரஸ்ஸிலேயே செய்துகாட்டுகிறேன் என்றாள் அகல்யா. பத்து நாள் கழித்து அது நடந்தது. ஆய்வாளர், சப்-இன்ஸ்பெக்டர், பட்டறை முதலாளி, கையில் கட்டோடு பவுனு, பக்கத்தில் சேட்டு. விஜயனை ஸ்ட்ரெச்சரில் தூக்கி வந்திருந்தார்கள். தட்டில் பவுனுவின் ரத்தக் கறை இன்னும் பழுப்பாகப் படிந்திருந்தது.

பத்தொன்பது முறை நின்றது. இருபதாவது முறை சிவப்பு விளக்கு எரிந்தது, தட்டு இறங்கியது, முள்ளங்கி கூழானது. பவுனு தன் கட்டுப்போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு கத்தினாள். அகல்யா பெட்டியிலிருந்து எடுத்த வரிகளை ஆய்வாளரிடம் காட்டி, இருநூற்றொரு மில்லிசெகண்ட் என்று விரலால் தொட்டுச் சொன்னாள்.

சேட்டு விஜயனின் காலைப் பார்த்தான். பிறகு அகல்யாவிடம் வந்தான்.

"இத எய்துனது யாரு?"

"நான்தாங்க."

அவன் அறைந்ததில் அவள் கீழே விழுந்தாள். நெற்றித் தையல் பிரிந்தது. விலாவில் ஒரு உதை விழுந்தது. இன்னொன்று விழுவதற்குள் சப்-இன்ஸ்பெக்டர் அவனைப் பிடித்து இழுத்தார். "வுடு சார், அவன் காலையே ஒடச்சிட்டேன் சார், தப்பு செய்யாதவன் காலை ஒடச்சிட்டேன்" என்று திமிறிய சேட்டு தன் தலையைப் பிரஸ்ஸின் தூணில் மோதத் தொடங்கினான். மூன்று பேர் சேர்ந்துதான் அவனை நிறுத்த முடிந்தது.

பவுனு தரையில் கிடந்த அகல்யாவின் பக்கத்தில் வந்து நின்றாள். குனியவில்லை.

"இந்தப் பொட்டி இன்னும் எத்தினி எடத்துல ஓடுது?"

"அறுபத்தொண்ணு."

"இப்பவும் ஓடுதா?"

"ஓடுது."

"அப்ப இங்க என்னாத்துக்குப் படுத்திருக்கற?"

அகல்யா எழுந்தாள். மறுநாளிலிருந்து வஜீர்பூர், பவானா, ஓக்லா என்று ஒவ்வொரு பட்டறையாக ஏறினாள். விலாவில் விரிசல். மூச்சு விட்டாலே குத்தும். மெட்ரோவில் அப்பா தயவால் உட்கார இடம் கிடைக்கும். கலியமூர்த்தி கூடவே வந்தார். சில இடங்களில் அவள் திருத்திய கர்னலை ஏற்ற விட்டார்கள். சில இடங்களில் வாசலிலேயே துரத்தினார்கள். பவானாவில் ஒருவன் நாயை அவிழ்த்துவிட்டான், அது கலியமூர்த்தியின் ஆடுசதையைக் கவ்வியது. வஜீர்பூரில் நாலு மாதத்துக்கு முன்பே ஒருவனுக்கு இரண்டு விரல்கள் போயிருந்தன. அன்று பெடல் மிதித்தவனை வேலையைவிட்டு விரட்டியிருந்தார்கள். அவன் எந்த ஊருக்குப் போனான் என்று யாருக்கும் தெரியவில்லை. அந்தப் பெட்டியின் வரிகளையும் எடுத்து ஆய்வாளருக்கு அனுப்பினாள். ஐந்து வாரத்தில் ஐம்பத்தெட்டு பெட்டிகள் முடிந்தன. மீதி மூன்றுக்கு அரசு சீல் வைத்தது.

ஆகஸ்டில் விஜயன் மேலிருந்த வழக்கு நீங்கியது. அவன் முழங்கால் மடங்காது. சேட்டு தானாகவே ஸ்டேஷனுக்குப் போய், அடித்தது நான் என்று எழுதிக்கொடுத்தான். இப்போது ஜாமீனில் இருக்கிறான். பவுனு கை வழக்கில் ரவிக்குமார் முதல் எதிரி, அகல்யா இரண்டாம் எதிரி. அவள் கொடுத்த வரிகளே அவளுக்கு எதிரான சாட்சியம். மறுக்கச் சொன்ன வக்கீலை மாற்றிவிட்டாள். வேலை போய்விட்டது. வேறு யாரும் அவளைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

போன மாத விசாரணையில் கோர்ட் வராந்தாவில் ஒரே ஒரு பெஞ்சுதான் காலியாக இருந்தது. அகல்யா ஒரு ஓரத்திலும் பவுனு மறு ஓரத்திலும் உட்கார்ந்திருந்தார்கள். விஜயன் ஊன்றுகோலோடு வந்து நின்றான்.

"கொஞ்சம் இப்பிடித் தள்ளிக்க," என்றாள் பவுனு, அகல்யாவைப் பார்க்காமல். "இவன் காலை நீட்டி உக்காரணும்."

அகல்யா பவுனுவின் பக்கம் தள்ளி உட்கார்ந்தாள்.