கொலுவில் ஒரு பஸ் ஸ்டாண்டு

எழுத்தாளராக வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. பொம்மை செய்ய ஆசைப்பட்டேன், அவ்வளவுதான். எழுத்து அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தது. வந்ததை நான் விடவில்லை.

அறுபதுகளின் நடுவில், எஸ்.எஸ்.எல்.சி. முடித்த கையோடு என்னைச் சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு நெசவு வீட்டுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். கூடத்தில் தறி, அதில் மாமனார். பின்கட்டில் சமையல், அதில் மாமியார். நவராத்திரி வந்தால் கூடத்தின் மறுபாதியில் கொலுப்படி எழும்பும். அந்தப் படிகள் மாமியாரின் ராஜ்யம். தசாவதாரத்தில் ஒரு பொம்மையை நான் நேராக்கி வைத்தால், பின்னாலேயே வந்து அதைப் பழையபடி கோணலாக்கிவிட்டுப் போவார். "கீழ எடம் இருக்குது பாரு, அங்க வேணா நீ பார்க்கு போட்டுக்கோம்மா" என்றார்.

பார்க் என்றால் ஊரெல்லாம் முளைக்கவைத்த கேழ்வரகும், கண்ணாடித் துண்டில் ஒரு குளமும்தான். எனக்கு அது போதவில்லை. நான் பஸ் ஸ்டாண்டு போட்டேன். பழைய பேப்பரை ஊறவைத்து வெந்தயத்தோடு அரைத்த கூழில் கண்டக்டர், பூக்காரி, முறுக்கு விற்கிறவர், தகரப்பெட்டியோடு ஒரு பெண் என்று ஒவ்வொருவராகச் செய்தேன். தறியடியில் விழும் நூல் துணுக்குகளை மாமனார் பொறுக்கிப் பொட்டலம் கட்டித் தருவார். அதனால் என் பூக்காரிகூடப் பட்டுதான் கட்டியிருந்தாள்.

வந்த பெண்கள் எல்லோரும் ஒரே கேள்வி கேட்டார்கள். பெட்டியோடு நிற்கிற பெண் யார், எங்கே போகிறாள்? வாய்க்கு வந்ததைச் சொன்னேன். நர்ஸ் வேலை படிக்கச் சென்னைக்குப் போகிறாள், பஸ் இன்னும் வரவில்லை. ஒரு கையில் சுண்டல், ஒரு கையில் வெற்றிலை பாக்கு என்று ஓடிக்கொண்டே எத்தனை பேருக்குத்தான் சொல்வது? தொண்டை வறண்டுபோய், காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அதை எழுதி அவள் காலடியில் ஒட்டிவைத்தேன். என் முதல் எழுத்து அதுதான். சோம்பேறித்தனத்தில் பிறந்தது.

அடுத்த வருஷம் அதே பெண், அதே பெட்டி. கூடவே, அவளைத் தடுக்க ஓடிவரும் ஒரு அம்மா. தாள் நீண்டது. அதற்கடுத்த வருஷம் பல தாள்களை நூலில் கோத்துத் தொங்கவிட்டேன். ஒருத்தி உரக்கப் படிக்க, மற்றவர்கள் சுற்றி நின்று கேட்டார்கள். படிகளை யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மாமியாருக்குப் பொறுக்கவில்லை. "பாட வந்தவங்கல்லாம் படிச்சிக்கினு நிக்கிறாங்க. அடுத்த வருசம் எழுத்து கிழுத்து வேணாம்மா. பொம்மைய வெச்சமா, சுண்டல குடுத்தமான்னு இருக்கணும்."

"பார்க்கலாம் அத்தை" என்றேன். முடியாது என்பதை மருமகள் வேறு எப்படிச் சொல்வது? அந்த மூன்றாம் வருஷக் கொலுவில் பஸ் வந்துவிட்டது, பெட்டிக்காரப் பெண்ணுக்கு ஒரு கால் தரையில், ஒரு கால் பஸ்ஸில். பெட்டியின் ஒரு பிடியை அவள் அம்மா விடாமல் பிடித்திருந்தாள். மீதி அடுத்த நவராத்திரிக்கு என்று எல்லோரிடமும் சொல்லிவைத்தேன்.

கோடையில் மாமனார் போய்விட்டார். படுத்துக் கிடக்கவில்லை, மத்தியானம் தறியிலிருந்து எழுந்து வந்து தண்ணீர் கேட்டவர் அப்படியே சாய்ந்துவிட்டார். நான் என் அப்பாவுக்கு அழுததுபோல் அழுதேன். தறியில் என் கணவர் உட்கார்ந்தார். நூல் துணுக்குகளை யாரும் பொறுக்கவில்லை.

சாவு விழுந்த வீட்டில் வருஷம் திரும்பும்வரை கொலு இல்லை. அது எனக்கும் தெரியும். ஆனாலும் நவராத்திரி நெருங்க நெருங்க, பரண்மேல் பெட்டிக்குள் அந்தப் பெண் இன்னும் ஒற்றைக் காலில் நிற்கிறாளே என்று மனசு அடித்துக்கொண்டது. நான்தான் பள்ளிக்கூடத்தோடு படிப்பை விட்டு வந்தவள். அவளாவது போகட்டும். எனக்கு வேண்டியதெல்லாம் அவளை ஏற்றிவிடுவதுதான்.

சமையலறை மூலையில் அந்தப் பஸ்ஸை மட்டும் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். "ஒரு வருசம் வெக்கலனா பொம்மைக்கு ஒண்ணும் ஆவாது" என்றார் மாமியார்.

சரி, பொம்மைதானே கூடாது. பாத்திரம் கழுவிக் கவிழ்த்ததும் பின்கட்டில் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்தேன். முதல் நாள் எழுதியது படுமோசம். கண்டக்டர் என்று எழுதினால் வெறும் கண்டக்டர்தான் இருந்தார். அவர் மீசையைக் காட்ட எதிரே பொம்மை இல்லை. மீசையையும் நானே எழுதவேண்டியிருந்தது. வெயிலை, டீசல் வாடையை, பெட்டி முழங்காலில் இடிப்பதை எல்லாம் எழுதவேண்டியிருந்தது. கிழித்தேன். மறுநாளும் எழுதினேன். கிழித்ததையெல்லாம் ஊறவைத்தேன், என்றைக்காவது ஒரு பொம்மைக்கு ஆகும். தினம் ஒரு பக்கம் தேறாமல் எழுந்திருப்பதில்லை என்று வைராக்கியம் வைத்துக்கொண்டேன். குழம்பு அடிப்பிடித்த நாளும் உண்டு. அன்றும் பக்கம் தேறியது.

கதையில் அந்தப் பெட்டிப் பிடிக்கு வந்துதான் மாட்டிக்கொண்டேன். பெட்டியை அம்மா விடமாட்டேன் என்கிறாள். பிடுங்கிக்கொண்டு ஏறவைத்தால் எனக்கே அம்மாவைப் பார்க்கப் பாவமாக இருக்கிறது. இறங்கி வீட்டுக்குப் போகவைத்தால் மூன்று வருஷம் எதற்காக நின்றாள்?

சரஸ்வதி பூஜை நாள். தெருவில் எல்லா வீட்டிலும் பாட்டு. எங்கள் வீட்டுக்கு யாரும் வரக்கூடாது, மாமியார் எங்கும் போகக்கூடாது. வெறும் நெற்றியோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் பேனாவை மூடினேன், திட்டு விழப்போகிறது என்று.

"அந்தப் பொண்ணு பஸ்ஸு ஏறிச்சா?" என்று கேட்டார்.

அவர் ஒருநாளும் குனிந்து அந்தத் தாள்களைப் படித்து நான் பார்த்ததில்லை. "இல்லை அத்தை. அவங்கம்மா பெட்டிய உடமாட்டேங்குறாங்க" என்றேன்.

தறிப்பக்கம் திரும்பிப் பார்த்தார். பூஜைக்காகத் தறி ஓய்ந்திருந்தது.

"போறவங்கள புடிச்சி நிறுத்த முடியுமாம்மா? ஏத்தி உடு. அவங்கம்மா கிட்ட நான் பேசிக்கிறேன்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அன்று மத்தியானமே அவளை ஏற்றிவிட்டேன். பெட்டியை விட்ட அந்த அம்மாவின் முகத்தை நான் வேறெங்கும் தேடவில்லை, அது என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது.

மறுவருஷம் கொலு வைத்தோம். மாமியார் பரண் சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, கூடத்துக்கு வராமல் பின்கட்டு வாசலிலேயே உட்கார்ந்துகொண்டார். படிகளை அவர் அடுக்கியது போலவே அடுக்கினேன், கோணல் உட்பட. கீழே பஸ் ஸ்டாண்டு போடவில்லை. எழுத்தே போதும் என்று இருந்தது. வந்த பெண்கள் அதைக் காணாமல், பஸ் எங்கே என்று விசாரித்தார்கள்.

நான் வாய் திறக்குமுன் பின்கட்டிலிருந்து மாமியாரின் குரல் வந்தது. "அது பட்டணம் போயி சேந்துடுச்சும்மா. உக்காருங்க, அவ படிச்சிக் காட்டுவா. பாட்டு அப்பால பாடிக்கலாம்."

ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, தாள்களை எடுத்துவரப் போனேன்.