யூஜினி தானே சொன்ன கேஸ்

மன்னாரில் கருவாடு விற்ற யூஜினிக்கு யாரிடமும் பயம் கிடையாது. கனடாவில், பார்க்டேலில்தான் இன்றைக்கும் பலருக்கு அவளிடம் பயம். அப்படிப்பட்டவளே 1994இல் அகதிக் கேஸ் எழுதுவிக்க அமிர்தநாதரைத் தேடிப் போனாள். எல்லோரும் அவரிடம்தான் போனார்கள். ஊரில் அரசாங்க அலுவலகமான கச்சேரியின் வாசலில் மனு எழுதியவர், இங்கே ஒரு வீட்டின் கீழ்த்தள பேஸ்மென்றில் இருந்து கேஸ் எழுதினார்.

அவள் உள்ளதைச் சொன்னாள். தம்பி ஜெனாட்டை ஆமி ட்ரக்கில் ஏற்றிக்கொண்டு போனது, தேடிப் போன அவளை வெருட்டித் துரத்தியது, அமெரிக்காவில் அகதி அந்தஸ்துக் கேட்டு ஏழு மாதம் அடைபட்டு, இல்லையென்ற பதிலோடு பஃபலோ வழியாக எல்லை தாண்டி வந்தது.

அமிர்தநாதர் உதட்டைப் பிதுக்கினார்.

"தம்பியைக் கொண்டுபோனது மட்டும் காணாது, பிள்ளை. எண்பத்தாறிலை வந்தவைக்கு 'ஊரிலை பிரச்சினை' எண்டாலே காணும். இப்ப உந்த அதிகாரியள் செத்தவீடு கேக்கிறாங்கள். அமெரிக்காவை வாயிலையும் எடுக்காதை. அங்கை இல்லையெண்டது தெரிஞ்சால் இஞ்சையும் இல்லையெண்டுவாங்கள்."

புருசனைக் கிணற்றடியில் வைத்துச் சுட்டதாக எழுதிக் கொடுத்தார். யூஜினிக்குக் கலியாணமே ஆகவில்லை. ஆனாலும் கையெழுத்து வைத்தாள். அந்த ஒரு கையெழுத்துக்காகத் தன்னை மன்னிக்க அவளுக்கு நெடுநாள் எடுத்தது.

விசாரணை அறையில் அதிகாரி கோப்பைப் புரட்டிவிட்டு ஏதோ சொன்னார். மொழிபெயர்ப்பாளர் தலையைக் குனிந்துகொண்டே அதைத் தமிழில் சொன்னார்.

"இந்தக் கிணத்தடியை இந்த மாதம் மூண்டாம் தரம் வாசிக்கிறாராம்."

யூஜினிக்கு முகம் எரிந்தது. வெட்கம் அரை நிமிடம்தான், பிறகு கோபம் வந்துவிட்டது.

"அந்தப் பேப்பர் பொய். நான் பொய்யில்லை எண்டு சொல்லுங்கோ."

அமெரிக்கா உட்பட முழுவதையும் கொட்டினாள். "முந்தி வந்தவையிட்டை ஒரு சொல்லுக் கேட்டனீங்கள். எங்களிட்டைப் பிரேதம் கேக்கிறியள். என்னட்டைப் பிரேதம் இல்லை. அதுதான் என்ர கேஸ்."

இதோடு கேஸ் விழலாம், திருப்பி அனுப்பப்படலாம் என்று எச்சரித்தார்கள்.

"தெரியும். தம்பியின்ர பேரை மன்னாரிலை ஒரு பொலிஸும் எழுதேல்லை. அமெரிக்காவிலையும் எழுதேல்லை. நீங்கள் எழுதிப்போட்டு என்னை அனுப்புங்கோ."

நேரம் முடிந்துவிட்டது என்றார்கள். யூஜினி கதிரையை விட்டு எழும்பவில்லை. அடுத்த கேஸ்காரர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கடைசியில் அதிகாரி பேனையை எடுத்து, தம்பியின் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொன்னார்.