மாமாவின் ஊருக்குப் போய் வந்த கதை

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் எப்போதோ மூடிய இரும்பாலை ஒன்றுக்குள் இப்போது கச்சேரி நடக்கிறது. போன வசந்தத்தில் மகள் என்னை அங்கே கூட்டிப்போனாள். துருப்பிடித்த உலையின் கீழே ஒருவர் சாக்சபோன் வாசித்தார். உருளைக்கிழங்கு வைத்த, கொழுக்கட்டை போன்ற ஒன்றை வெண்ணெயில் பொரித்துத் தந்தார்கள். எதிரே மலைச்சரிவில் ஆட்களை ஏற்றிய சிவப்புப் பெட்டி ஒன்று தண்டவாளத்தில் ஏறிக்கொண்டிருந்தது. பிடித்திருக்கிறதா என்று மகள் டெனிஷில் கேட்டாள். எனக்கு எதுவும் புதிதாக இல்லை. இவ்வளவையும் நான் பத்து வயதில், டென்மார்க்கின் ஹேர்னிங் ஊரில் ஒரு சமையலறையில் இருந்தபடி, அம்மாவுக்குச் சொல்லியிருந்தேன்.

அப்போது அப்பாவும் நானும் மட்டும்தான் டென்மார்க்கில். அம்மாவும் தங்கையும் யாழ்ப்பாணத்தில். அவர்களை அழைக்க அப்பா கொடுத்த விண்ணப்பம், மற்றத் தமிழர்களுடையவற்றோடு, கோபன்ஹேகனில் அசையாமல் கிடந்தது. அமைச்சரே அவற்றை முடக்கிவைத்தது வெளியாகி, பின்னாளில் டென்மார்க்கின் அரசே கவிழ்ந்தது. அன்று எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், தபால் பெட்டியில் ஒன்றும் இல்லை என்பதுதான். ஆகவே கசெற்றில் பேசிப் பதிந்து, கொழும்புக்குப் போகிறவர்களிடம் கொடுத்துவிடுவோம்.

ஒருநாள் அப்பா கசெற்றில் தன் பக்கத்தைப் பேசி முடித்து, துணி ஆலைக்குப் புறப்பட்டார்.

"மற்றப் பக்கம் உனக்கு. சந்தோசமாக் கதை. அழுதாயெண்டா அம்மா தாங்கமாட்டா."

சந்தோஷமாகச் சொல்ல என்னிடம் என்ன இருந்தது? மழை. பள்ளிக்கூடத்தில் எனக்குப் பக்கத்தில் யாரும் உட்காராத கதிரை. சுவரில், அம்மாவின் தம்பி, என் மாமா, பிட்ஸ்பர்க்கிலிருந்து அனுப்பிய கலண்டர் தொங்கியது. ஆறுகள், மஞ்சள் பாலங்கள், மலையேறும் சிவப்புப் பெட்டி. ஆலைகளெல்லாம் மூடி ஊரே செத்துப்போச்சு என்று மாமா தொலைபேசியில் சொல்லியிருந்தார். நான் பதிவுப் பொத்தானை அழுத்தினேன்.

"அம்மா, நானும் அப்பாவும் மாமாவின்ரை ஊருக்குப் போட்டு வந்தனாங்கள்."

பிறகு அது தானாகவே வந்தது. சிவப்புப் பெட்டி எங்களைத் தூக்கிக்கொண்டு மேகத்துக்குள் போனது. மூடிய ஆலைகளைத் திறந்து உள்ளே நாதஸ்வரம் வாசிக்க வைத்தேன். உலைகளில் கொழுக்கட்டை அவித்தேன். ஆற்றங்கரையில் அப்பா சிரித்துச் சிரித்து நடந்தார். நாடா முடிந்து பொத்தான் டக்கென்று எழும்பியபோது, நான் இன்னும் அந்தக் கரையில்தான் நின்றேன். அப்பா வேலையால் வருமுன்பே ஒருவர் வந்து கசெற்றை வாங்கிப்போய்விட்டார்.

பதில் கசெற் வந்த அன்று அப்பா குளித்து, நல்ல சேட் போட்டுக்கொண்டு கேட்க உட்கார்ந்தார். தங்கை பாட்டுப் பாடினாள். பிறகு அம்மாவின் குரல்: "நாங்கள் சுகம். நீங்கள் உலாத்துங்கோ." அவ்வளவுதான். மீதி நாடாவில் ஒரு கோழி, பிறகு தூரத்தில் ஹெலிகொப்ரர். அப்பா திருப்பிப் போட்டும் பார்த்தார்.

"என்னடா சொன்னனீ அம்மாவுக்கு?"

"சுகமா இருக்கிறமெண்டு சொன்னனான்."

"அப்ப என்னத்துக்கு உலாத்தச் சொல்லுறா?"

"தெரியாது அப்பா."

தான் பதுங்குகுழிக்குள் கிடக்க, நாங்கள் அமெரிக்கா பார்த்துத் திரிகிறோம் என்று அம்மா நினைப்பார் என எனக்குத் தோன்றவே இல்லை. அதன் பிறகு வந்த கசெற்றுகளில் தங்கை மட்டுமே பேசினாள். அப்பா தன் பக்கத்தில் ஒவ்வொரு முறையும் மன்னிப்புக் கேட்டார், எதற்கென்று தெரியாமலே.

ஒருவழியாக அனுமதி கிடைத்து, தங்கையோடு அம்மா வந்தார். எங்கள் ஒற்றை அறையையும், கதவின் பின்னால் தொங்கிய அப்பாவின் ஒரே குளிர்காலக் கோட்டையும் பார்த்தார். சமையலறையில், கிழிக்காத பழைய கலண்டரின் முன்னால் நின்றுவிட்டார்.

"இதுவோ அந்த ஊர்?"

நான் தலையாட்டினேன்.

"எந்த ஊர்?" தேத்தண்ணிக் கோப்பையோடு அப்பா வந்தார்.

அம்மா என்னையே பார்த்தார். "ஒண்டுமில்லையப்பா. வடிவான கலண்டர்."

தப்பினேன் என்று தங்கையோடு விளையாட ஓடினேன். அம்மா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்பது மட்டும்தான் அன்று விளங்கியது. அதற்காகத் தன் மௌனத்தின் காரணத்தை அவர் அப்பாவிடம் ஒருநாளும் சொல்ல முடியாமல் போனது விளங்கவில்லை. அப்பா கடைசிவரை, கடற்கரைக்கோ கல்யாண வீட்டுக்கோ புறப்படுமுன் வாசலில் நின்று, அந்த "உலாத்துங்கோ" இன்னும் காதில் கேட்பவர்போல அம்மாவின் முகத்தைப் பார்த்து, "போவமோ?" என்று கேட்பார்.

அதை அன்பென்றே நான் எண்ணியிருந்தேன்.