கஸ்தூரி சாய்த்து வைத்த துண்டுகள்

ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றபின், ஆம்பூரில் என் வீட்டிலேயே பெண்களுக்கு ஒட்டுத்துணிப் போர்வை தைக்கக் கற்றுத் தருகிறேன். ஷூ கம்பெனியில் தோல் வெட்டும் கஸ்தூரி, ஒருநாள் லுங்கித் துண்டுகளை ஒன்றோடொன்று சாய்த்து இணைத்திருந்தாள்.

“இன்னாம்மா இது, கோணல்மாணலா? பிரி” என்றேன், எல்லோர் எதிரிலும்.

“தோலு வீணாவக் கூடாதுன்னு கம்பெனில இப்டித்தான் சார் வெப்போம்” என்று சிரித்துக்கொண்டே பிரித்தாள்.

அந்தச் சாய்வு என் கண்ணைவிட்டுப் போகவில்லை. இரண்டே மாதத்தில் அதையே பெரிய போர்வையாகத் தைத்து, வாணியம்பாடியில் ஒரு கைவினைக் கண்காட்சியில் வைத்தேன். கஸ்தூரியும் பார்க்க வந்திருந்தாள். அவள் பக்கத்தில் நிற்கும்போதே ஒருவர், “யார் டிசைன் சார்?” என்று கேட்டார்.

“என்னுடையதுதான்” என்றேன்.

அவர் நகர்ந்ததும் கஸ்தூரி மெதுவாகக் கேட்டாள்: “நான் தெச்சா கோணலு, நீங்க தெச்சா டிசைனா சார்?”



அடுத்த வகுப்புக்கும் அவள் வந்தாள். ஸ்கேல் வைத்துத் துண்டுகளை நேர்நேராக அடுக்கித் தைத்து, “இப்ப சரியாக்கீதா சார்?” என்று நீட்டினாள். தையலில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அதில் கஸ்தூரி இல்லை. அவளை அதிலிருந்து பிரித்தெடுத்தவன் நான்தான்.

அன்று அந்த மனிதரிடம் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன். அது கஸ்தூரியின் டிசைன்.